திரைக்குப் போகும் படம்: கேமரா கிளப் போட்டிக்கு ஒரு புகைப்படத்தைத் தயார்செய்வது எப்படி?

பாளையங்கோட்டையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறிய கேமரா கிளப்பில், போட்டிக்கு வரும் படங்களை வாங்கிச் சரிபார்த்து, புரொஜெக்டரில் ஓட்டுவதற்கு ஏற்ப வரிசைப்படுத்தும் வேலை சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. நடுவர் வந்து அமர்வதற்கு முன்பே சில படங்கள் அளவு தவறிப் போட்டியிலிருந்து விலகிவிடுவதையும், வேறு சில படங்கள் எடுத்தவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு வெளிறித் திரையில் விழுவதையும் அடிக்கடி பார்க்கிறேன். எடுத்த விதத்தில் அவற்றில் பெரிய குறை ஏதும் இருக்காது. அனுப்பிய விதத்தில்தான் கோளாறு இருக்கும். கிளப்பில் புதிதாகச் சேர்பவர்களுக்கு அந்தக் கோளாறு எங்கே நேர்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கேமராவில் பதிவான மூலக் கோப்பு வேறு, போட்டிக்கு அனுப்பும் பிரதி வேறு. நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு இதற்கு வேறு உவமை தேடத் தோன்றவில்லை: மூலக் கோப்பு நெல், போட்டிப் பிரதி அரிசி. நெல்லைப் பத்திரமாகக் குதிரில் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது தேவையான அளவை மட்டும் அரைத்து எடுக்கிறோம். பொங்கலுக்கென்று அரைத்துவிட்ட பச்சரிசியைத் திரும்ப நெல்லாக்கி இட்லிக்குப் புழுக்க முடியாது. அதுபோலவே, புரொஜெக்டருக்காகச் சுருக்கிய படத்திலிருந்து பிறகு பெரிய அச்சு போட முடியாது, அச்சுக்கென்று தயார்செய்த படத்தை அப்படியே புரொஜெக்டருக்குக் கொடுக்கவும் கூடாது. ஆகவே கேமராவில் ரா வடிவத்தில், அதாவது சென்சார் பதிவுசெய்ததைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருக்கும் கோப்பாக, படம் எடுத்து, அந்தக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தேவைக்கும் ஒரு புதிய பிரதியை மென்பொருளிலிருந்து ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்வதே முறை. போட்டியில் சந்தேகம் எழுந்தால் மூலக் கோப்பைக் காட்டும்படி கேட்பவர்களும் உண்டு.

விதிமுறைத் தாளில் முதலில் கண்ணில் படுவது அளவு. பெரும்பாலான கிளப்புகளும் பல சர்வதேசப் போட்டிகளும் இன்று 1920 × 1080 பிக்சல் என்று கேட்பதற்குக் காரணம், ஃபுல் எச்டி எனப்படும் புரொஜெக்டரிலும் டிவியிலும் இருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கையே அதுதான். இதை ஒரு பெட்டியின் உள்ளளவாக நினைத்துக்கொள்ளலாம். உங்கள் படம் எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் அகலம் 1920-ஐயும் உயரம் 1080-ஐயும் தாண்டக் கூடாது. இரண்டையும் சரியாகத் தொட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த இடத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் முடிந்து நடந்த ஒரு கூட்டத்தில், வடம் பிடிக்கும் கூட்டத்தை மாடியிலிருந்து அழகாக எடுத்திருந்த ஒரு தம்பியின் படத்தை அளவு சரியில்லை என்று ஓரமாக வைத்திருந்தேன். அவருக்கு வருத்தம். “அண்ணாச்சி, 1920-ன்னுதானே போட்டிருந்திய? நான் அதத்தானே வச்சிருக்கேன்?” என்று கேட்டார். “அகலம் சரிதாம்ப்பா, உயரம் எவ்வளவு வந்திருக்குன்னு பாரு” என்று கோப்பைத் திறந்து காட்டினேன். உயரம் 1280 என்று இருந்தது.

கணக்கு இதுதான். 24 மெகாபிக்சல் கேமராவின் படம் பொதுவாக 6000 × 4000 பிக்சல் இருக்கும்; அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 3:2. திரையின் விகிதமோ 16:9. அது இன்னும் அகன்றது. எனவே படத்தின் அகலத்தை 1920-க்குக் குறைத்தால் உயரம் 1280-இல் நின்றுவிடுகிறது, பெட்டிக்கு மேலே 200 பிக்சல் துருத்திக்கொண்டிருக்கிறது. உயரத்தை 1080-க்குக் கொண்டுவந்தால் அகலம் 1620 ஆகும். அதுவே சரியான அளவு. 4:3 விகிதத்தில் எடுக்கும் கைபேசிப் படம் 1440 × 1080 ஆகவும், சதுரப் படம் 1080 × 1080 ஆகவும் அமையும். படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமில் ஏற்றுமதி செய்கிறவர்கள் ‘லாங் எட்ஜ்’ (நீண்ட பக்கம்) என்பதைத் தேர்ந்தெடுத்து 1920 என்று போடுவதால்தான் இந்தத் தவறு நேர்கிறது. அதற்குப் பதிலாக ‘வித் அண்ட் ஹைட்’ (அகலமும் உயரமும்) என்பதைத் தேர்ந்தெடுத்து இரண்டு எண்களையும் கொடுத்துவிட்டால், படம் எப்படி இருந்தாலும் மென்பொருளே அதைப் பெட்டிக்குள் அடக்கிவிடும். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் உயரத்தை 1080 என்று கொடுத்தால் அகலம் தானாக மாறும். அது 1920-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெடுக்காக எடுத்த படங்களுக்கு இந்தப் பெட்டி ஓர் அநியாயம் செய்கிறது. தேரின் முழு உயரத்தையும் காட்டவேண்டும் என்று கேமராவைத் திருப்பிப் பிடித்து எடுத்த 4000 × 6000 படம், திரையில் 720 × 1080 ஆகத்தான் வரும். கிடைமட்டப் படத்துக்குக் கிடைக்கும் பரப்பில் பாதிகூட அதற்குக் கிடைக்காது. இரண்டு பக்கமும் கருப்பாகக் கிடக்க, நடுவில் ஒரு பட்டை போலத் தெரியும். நெடுக்குப் படமே அனுப்பாதீர்கள் என்று சொல்லவரவில்லை. அப்படி அனுப்பும்போது மேலே வெறும் வானத்தையும் கீழே வெறும் தார்ச்சாலையையும் விட்டுவைக்காமல் இறுக்கமாகக் கிராப் செய்தால், கிடைக்கும் 1080 பிக்சல் உயரமும் தேருக்கே போய்ச்சேரும்.

அளவைப் பற்றிப் பேசும்போது டிபிஐ என்ற சொல் குறுக்கே வந்து குழப்பும். படம் 300 டிபிஐ ஆக இருக்க வேண்டுமா, 72 ஆக இருக்க வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகளை அடுக்குவது என்று அச்சு இயந்திரத்துக்குச் சொல்லும் குறிப்பு அது. திரைக்கு அங்குலம் என்ற கணக்கே இல்லை. 1620 × 1080 படத்தில் அந்த எண்ணை எப்படி மாற்றினாலும் ஒரு பிக்சல் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அச்சுப் பிரிவுக்குப் படம் கொடுக்கும்போது மட்டும் அது பொருள்படும்: 12 × 18 அங்குல அச்சை 300 டிபிஐ-யில் போட 3600 × 5400 பிக்சல் தேவை, 24 மெகாபிக்சல் கேமராவில் அது தாராளமாகக் கிடைக்கும்.

6000 × 4000 என்பது 2.4 கோடி பிக்சல். 1620 × 1080 என்பது ஏறத்தாழ 17.5 லட்சம். பதினான்கு பிக்சல்களை ஒன்றாகப் பிசைந்து ஒரு பிக்சல் ஆக்குகிறோம் என்றால், பனையோலையின் நுனியும் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தின் விரலும் சற்று மழுங்கத்தானே செய்யும்? இதனால் கூர்மையூட்டும் வேலையை, அதாவது ‘ஷார்ப்பன்’ செய்வதை, படத்தைச் சுருக்கிய பிறகு கடைசியாகச் செய்ய வேண்டும். பெரிய படத்தில் செய்த கூர்மை சுருக்கும்போது பெரும்பாலும் கரைந்துபோய்விடும். எவ்வளவு செய்யலாம் என்பதற்கு எண் சொல்ல முடியாது. சுருக்கிய படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்து, வானத்தை ஒட்டியிருக்கும் விளிம்புகளில் வெள்ளைக் கோடு போல ஒன்று தெரியத் தொடங்கினால் கை மீறிவிட்டது என்று அர்த்தம். அந்தக் கோடு கணினியில் மெல்லியதாகத் தெரியும், எட்டடித் திரையில் சுண்ணாம்புக் கோடாகத் தெரியும். கூர்மை குறைந்த படத்தை நடுவர்கள் மன்னிப்பதைப் பார்த்திருக்கிறேன். கூர்மை மிஞ்சிய படத்தை மன்னித்துப் பார்த்ததில்லை.

அடுத்தது நிறம். இதில் அடி வாங்கியவன் நானே. நான் முதன்முதலில் போட்டிக்குக் கொடுத்தது பத்தமடையில் எடுத்த ஒரு படம். தறியில் பாதி நெய்த கோரைப்பாய், சாயமேற்றிய சிவப்புக் கோரையின் மேல் சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் காட்சி. வீட்டுக் கணினியில் அந்தச் சிவப்பு குங்குமம் போல எரிந்தது. திரையில் வந்தபோது அது பழைய செங்கல் நிறத்தில் சோர்ந்து கிடந்தது. புரொஜெக்டர்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த படம் பளிச்சென்று வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். ஒரு பிக்சலின் நிறம் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான எண்களாகக் கோப்பில் எழுதப்படுகிறது. ஆனால் ‘சிவப்பு 230’ என்றால் எந்தச் சிவப்பு என்பதை அந்த எண் சொல்லாது. அதைச் சொல்வது நிறவெளி. அளக்கிற படி எதுவென்று தெரியாமல் ‘நாலு படி அரிசி’ என்று சொல்வதைப் போன்றது அது. ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் 1996-இல் உருவாக்கி, 1999-இல் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்ட எஸ்ஆர்ஜிபி என்பது சிறிய படி. சாதாரண மானிட்டர், டிவி, புரொஜெக்டர் எல்லாம் இதை மனத்தில் வைத்தே செய்யப்படுகின்றன. அடோபி நிறுவனம் 1998-இல் வெளியிட்ட அடோபி ஆர்ஜிபி பெரிய படி. பச்சை, நீலப்பச்சை நிறங்களின் பக்கம் அது கூடுதலாக விரிந்திருக்கிறது, நல்ல அச்சுக்கு அது உதவும். பெரிய படியால் அளந்து எழுதிய எண்ணை, எந்தப் படி என்று கோப்பில் சொல்லியிருக்கும் நிறக் குறிப்பை (ப்ரொஃபைல்) படிக்கத் தெரியாத ஒரு மென்பொருள் சிறிய படி என்று எண்ணிக்கொண்டு திரையில் காட்டினால், எல்லா நிறங்களும் சத்துக் குறைந்து வெளிறித்தான் தெரியும். என் கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்று வைத்திருந்தேன், ‘பெரியதுதானே நல்லது’ என்ற எண்ணத்தில்.

உங்கள் கேமராவில் அப்படி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சுருக்குவழி உண்டு. அடோபி ஆர்ஜிபி-யில் பதிவாகும் ஜேபெக் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கும். பெரும்பாலான கேமராக்கள் இந்த வழக்கத்தையே பின்பற்றுகின்றன. ரா கோப்பில் எடுப்பவர்களுக்கு இந்த அமைப்பு பொருட்டல்ல, ஏற்றுமதி செய்யும்போது எஸ்ஆர்ஜிபி என்று தேர்ந்தெடுத்தால் போதும். போட்டோஷாப்பில் மாற்றுகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ‘அசைன் ப்ரொஃபைல்’, ‘கன்வெர்ட் டு ப்ரொஃபைல்’ என்று இரண்டு கட்டளைகள் அருகருகே இருக்கும். முதலாவது, எண்களை அப்படியே விட்டுவிட்டுப் படியின் பெயரை மட்டும் மாற்றி எழுதும், நிறம் மாறிப்போகும். இரண்டாவது, நிறம் மாறாதபடி எண்களைத் திருத்தி எழுதும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

நிறத்தைக் காட்டிலும் வெளிச்சம் இன்னும் ஏமாற்றும். மானிட்டரை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவர், படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாக நம்பி அதை இருட்டாகவே விட்டுவிடுவார். திரையில் அதன் நிழற்பகுதி முழுவதும் கருப்பில் மூழ்கிப்போகும். மானிட்டரின் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவைத்து, வெயில் நேரடியாக விழாத அறையில் வேலை செய்வது பாதி நோயைத் தீர்த்துவிடும். மீதிக்கு, இருட்டு முதல் வெளிச்சம் வரை ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இருக்கிறது. குற்றாலத்தில் ஐந்தருவியை எடுத்தால் விழும் நீர் எளிதில் 255-ஐத் தொட்டுவிடும். அங்கே நீரின் இழைகள் அழிந்து வெள்ளைத் தாளாக நிற்கும், எந்த மென்பொருளாலும் அதை ஜேபெக் கோப்பிலிருந்து மீட்க முடியாது. ரா கோப்பில் ஓரளவு மீட்கலாம். அதற்காக அருவியைச் சாம்பல் நிறமாக்கி அனுப்பவும் கூடாது. சாரலில் நனைந்த பாறை கருப்பாகவும் நீர் வெள்ளையாகவும் இருந்தால்தான் அது குற்றாலம்.

இனி ஜேபெக். ஜேபெக் என்பது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் தெரியாது என்று கருதும் நுணுக்கங்களை விட்டுவிட்டு எழுதும் முறை. ஆகவே ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். விதியில் 2 எம்பி-க்குள் என்று இருந்தால் தரத்தை 100-லிருந்து 90 அல்லது 85-க்குக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், வித்தியாசமும் தெரியாது. அதற்குக் கீழே போகப்போக, தாமிரபரணிக்கு மேலே அந்திவானம் போன்ற மென்மையான பரப்புகளில் படிப்படியான பட்டைகள் தெரியத் தொடங்கும். இவ்வளவு பாடுபட்டுத் தயார்செய்த கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிவிடுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது படத்தை மறுபடியும் சுருக்கி, எடுத்த தேதி, லென்ஸ் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். வாட்ஸ்அப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்புங்கள். மின்னஞ்சல் இன்னும் நல்லது.

இதுவரை சொன்னவை எல்லாம் எண்களோடு முடிந்துவிடுபவை. எங்கள் கூட்டத்தில் குரல் உயர்வது எண்ணில் அல்ல, பிரிவில்தான். ஒரு படத்தில் எதைத் திருத்தலாம், எதைத் திருத்தக் கூடாது என்பது அது எந்தப் பிரிவுக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. பொதுப் பிரிவில் குறுக்கே போகும் மின்கம்பியை அழிக்கலாம், வானத்தைக் கருக்கலாம். இயற்கைப் பிரிவில் அப்படி முடியாது. 1950-இல் தொடங்கப்பட்ட சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்த வரையறையையே பெரும்பாலான கிளப்புகள் பின்பற்றுகின்றன. அதன்படி, காட்சியில் இல்லாத எதையும் சேர்க்கக் கூடாது, இருக்கிற எதையும் அழிக்கவோ இடம் மாற்றவோ கூடாது. கிராப் செய்வது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, சென்சாரில் படிந்த தூசிப் புள்ளியை நீக்குவது, முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்குவது ஆகியவற்றுக்குத் தடை இல்லை. வளர்ப்பு விலங்குகளும் பயிரிட்ட செடிகளும் இயற்கைப் பிரிவில் சேரா. நெல்வயலின் பசுமையை ‘இயற்கை’ என்று நம் ஊர்க்காரர் அனுப்புவதும், அது பயிர் என்று நடுவர் தள்ளுவதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளத்தை எடுத்துக்கொள்வோம். 1994-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் குளத்து மரங்களில் மட்டுமின்றி, வீட்டுக் கொல்லைப்புற மரங்களிலும் கூடு கட்டுகின்றன. கூட்டுக்குப் பின்னால் ஓட்டுக்கூரை தெரிகிறது, கிளைக்கு முன்னால் மின்கம்பி போகிறது. மனிதனின் தடம் இயற்கைப் படத்தில் இருக்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் மனிதன் மாற்றியமைத்த இடத்தைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்ட உயிரைக் காட்டும்போது அதற்கு விலக்கு உண்டு. அந்த வரையறை எடுத்துக்காட்டாகச் சொல்வதே கூகையையும் நாரையையும்தான். ஆகவே ஓட்டுக்கூரையின் மேல் நிற்கும் நாரை தாராளமாகப் போட்டிக்குப் போகலாம், அந்தக் கூரையே படத்தின் செய்தி. மின்கம்பி விஷயம் வேறு. நாரைக்கும் கம்பிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் அது குறுக்கே போனால், அதை அழித்து அனுப்பினால் விதிமீறல், அழிக்காமல் அனுப்பினால் மதிப்பெண் குறையும். கிராப் செய்து கம்பியை வெளியே தள்ள முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் அந்தப் படத்தைப் பொதுப் பிரிவில் அழித்து அனுப்புங்கள், அல்லது மறுநாள் காலையில் இரண்டடி தள்ளி நின்று எடுங்கள். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். கூந்தன்குளத்து நாரைகள் மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரள்வதில்லை.

கருப்பு வெள்ளைப் பிரிவிலும் இப்படி ஒரு வரம்பு உண்டு. படம் முழுவதும் ஒரே சாயத்தில், எடுத்துக்காட்டாகப் பழுப்பில், இருந்தால் அது கருப்பு வெள்ளைப் படம்தான். பாய் நெய்யும் பெண்ணையும் தறியையும் கருப்பு வெள்ளையாக்கிவிட்டுக் கோரையின் சிவப்பை மட்டும் விட்டுவைத்தால் அது வண்ணப் பிரிவுக்குப் போய்விடும். கணினியிடம் சொல்லி வரையவைத்த வானமோ பறவையோ எந்தப் பிரிவிலும் ஆகாது. இப்போது மென்பொருள்களில் ஒரே சொடுக்கில் வரும் ‘ஜெனரேட்டிவ்’ கருவிகளும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

கோப்பின் பெயரை விதியில் சொன்னபடி வையுங்கள். தமிழில் பெயர் வைத்தால் சில பழைய மென்பொருள்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். படத்தின் மேல் உங்கள் பெயரோ கையெழுத்தோ இருக்கக் கூடாது, யார் எடுத்தது என்று நடுவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் போட்டி. சட்டம் போட்டது போன்ற கனத்த பார்டர் வேண்டாம். இரவுக் காட்சியின் விளிம்பு கருப்புத் திரையோடு கலந்துவிடுமே என்று தோன்றினால், கிளப் அனுமதிக்கும்பட்சத்தில் ஒரு பிக்சல் அளவுக்குச் சாம்பல் கோடு போடலாம், அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் 1080.

அனுப்புவதற்கு முன், ஏற்றுமதி செய்த கோப்பையே ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள். எங்கள் வீட்டில் சீரியல் முடிந்த பிறகுதான் அதற்கு நேரம் கிடைக்கும். டிவி வழக்கமாக நிறத்தைக் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும், அதனால் நிறத்தை அதில் வைத்து முடிவுசெய்ய வேண்டாம். ஆனால் நிழலில் இருக்கும் முகம் தெரிகிறதா, விளிம்பில் வெள்ளைக் கோடு இருக்கிறதா, மூலையில் யாருடைய முழங்கையாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதெல்லாம் பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும்போது நன்றாகப் புலப்படும். தேர்ப் படம் அனுப்பிய தம்பி இப்போது அப்படித்தான் செய்கிறார். சென்ற முறை அவர் அனுப்பிய கோப்பைத் திறந்தேன், 1620 × 1080 என்று இருந்தது. நேரே வரிசையில் சேர்த்துவிட்டேன்.